பௌதிகப் பேராசிரியை வூ அம்மையார்

பௌதிக சாஸ்திரத்தில் புகழ் பெற்ற பெண்மணி ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், மேரி கியூரி அம்மையார் என்று ஒரே குரலில் விடை வரும். இரண்டாவதாக ஒரு பெயர் சொல்லுங்கள் என்றால், வகுப்பறை மௌனமாகிவிடும். ஆசிரியப் பணியில் இருந்தோர் பலரும் கண்டிருக்கக்கூடியது இது. அவ்விரண்டாம் இடத்திற்கு முழுத் தகுதி வாய்ந்த பெயர்களுள் ஒன்றே சியென் ஷியுங் வூ என்பது. சீன நாட்டிலே ஒரு சிற்றூரில் பிறந்து, அமெரிக்க நாட்டின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் ஆராய்ச்சியும் ஆசிரியப் பணியும் ஆற்றியவர் அவர். இயற்கை என்பது இடம், வலம் என்ற வேற்றுமை பாராட்டுவதில்லை என்று உலகத்து அறிஞரெல்லாம் உறுதியாக நம்பியிருந்த ஒரு கொள்கையைத் தம்முடைய சோதனையால் வீழ்த்தியவர். அவர் எவ்வாறு கற்றார், எதனைக் கண்டறிந்தார், அதற்கு உலகம் அளித்த மதிப்பு நியாயமானதுதானா என்னும் மூன்று வினாக்களையும் இங்கே ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

வூ என்பது அவரது குடும்பப் பெயர். சீனர் வழக்கத்தில் குடும்பப் பெயரே முன்னிற்கும். ஷியுங் என்பது வீரர் என்று பொருள்படும் சொல். ஆண் மகவுக்கு இடத்தக்க அப்பெயரைத் தந்தையார் தம் மகளுக்கு இட்டார். அம்மையார் 1912ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், ஷாங்காய் நகரத்திற்கு அருகே, லியூஹே என்னும் ஊரிலே பிறந்தார். தந்தை வூ சோங்யீ பெண்கல்வியிலே அழுத்தமான நம்பிக்கை கொண்டவர். அக்காலத்துச் சீனத்தில் சிறுமியரின் பாதங்களைத் துணியால் இறுகக் கட்டி, வளரவிடாமல் முடமாக்கும் கொடிய வழக்கம் முற்றும் ஒழியவில்லை. பாதத்திற்கே விடுதலை இல்லாத இடத்தில் படிப்பிற்கு ஏது விடுதலை? அந்த நிலையிலேதான் அவர் தம் ஊரில் பெண்களுக்கென மிங்தே என்னும் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய மனைவியாரும் அப்பணியில் தோள்கொடுத்து, பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு பெற்றோரிடம் எடுத்துரைத்து வந்தார். அந்தப் பள்ளியிலேதான் வூ எழுத்தறிவு பெற்றார்.

பதினோராவது வயதில் அவர் சூச்சௌ நகரத்துப் பெண்கள் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அப்பள்ளியிலே இரு பிரிவுகள் இருந்தன. ஒன்று உயர்கல்விக்கு வழிவகுக்கும் பொதுப் பிரிவு. மற்றொன்று ஆசிரியப் பயிற்சிப் பிரிவு. பயிற்சிப் பிரிவிலே கட்டணம் இல்லை. படிப்பு முடிந்ததும் வேலை உறுதி. வூ இந்தப் பிரிவிலேயே சேர்ந்தார். ஆனால் சேர்ந்த பின்னரே ஓர் உண்மை புலனாயிற்று. பொதுப் பிரிவு மாணவியருக்குப் போதித்த அளவிற்குக் கணிதமும் விஞ்ஞானமும் ஆசிரியப் பயிற்சி மாணவியருக்குப் போதிக்கப்படவில்லை. அவர் யாரிடமும் முறையிட்டுக் கொண்டிருக்கவில்லை. பொதுப் பிரிவுத் தோழியர் மாலையில் படித்து முடித்தபின் அவர்களுடைய நூல்களை இரவல் வாங்குவார். இரவு நெடுநேரம் விழித்திருந்து, பௌதிகம், ரசாயனம், கணிதம் ஆகியவற்றைத் தாமே கற்பார். தமக்குத் தாமே ஆசிரியராக இருக்கும் பழக்கம் அவருக்கு அப்போது ஏற்பட்டது. அப்பழக்கம் இறுதிவரை நீங்கவில்லை. எவ்வளவு சிறந்த ஆசிரியரும் ஓர் எல்லை வரையிலேதான் மாணவரை அழைத்துச் செல்ல இயலும். அதற்கப்பால் செல்லும் வழி இத்தகைய பழக்கத்தினாலேயே திறக்கிறது.

1930ஆம் ஆண்டு நான்கிங் நகரத்திலிருந்த தேசிய மத்தியப் பல்கலைக்கழகத்திலே சேர்ந்து, முதலில் கணிதமும் பின்னர் பௌதிகமும் பயின்று, 1934இல் பட்டம் பெற்றார். அதன்பின் ஷாங்காயில் ஆராய்ச்சிக்கூடமொன்றில் கு சிங்வெய் என்னும் பெண் பேராசிரியரின் கீழ்ப் பணியாற்றினார். கு அம்மையார் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். வூவையும் மேற்படிப்பிற்கு அங்கே செல்லுமாறு தூண்டியவர் அவரே. ஒரு பெண் ஏறிய படியிலே மற்றொரு பெண்ணின் கால் பதிவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. சிறிய தந்தையார் பொருளுதவி செய்ய, 1936ஆம் ஆண்டு வூ கப்பலேறினார். துறைமுகத்தில் பெற்றோரிடம் விடைபெற்றுக் கொண்டபோது, சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றே எண்ணினார். மறு ஆண்டிலேயே ஜப்பானியப் படையெடுப்பு மூண்டது. அதன்பின் உலகப் போர், அதன்பின் உள்நாட்டுப் போர், அதன்பின் அரசியல் பிளவு எனத் தடைகள் தொடர்ந்தன. தாயையும் தந்தையையும் அவர் மீண்டும் காணவே இல்லை.

சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியவர், அருகிலிருந்த பெர்க்கெலி நகரத்துப் பல்கலைக்கழகத்தைக் காணச் சென்றார். அங்கே லூக் யுவான் என்னும் சீன மாணவர் ஆய்வுக்கூடங்களைச் சுற்றிக் காட்டினார். அணுவைத் தகர்க்கும் சைக்ளோட்ரான் என்ற கருவியை அமைத்த எர்னெஸ்ட் லாரன்ஸ் அங்கேதான் பணியாற்றி வந்தார். அதே வேளையில் மற்றொரு செய்தியும் வூவின் செவிக்கு எட்டிற்று. மிச்சிகனில் மாணவர் மன்றக் கட்டடத்தின் முன்வாயில் வழியாகப் பெண்கள் நுழையக் கூடாதாம். பக்கவாயில் வழியாகவே செல்லவேண்டுமாம். பாதங்களைக் கட்டும் தேசத்திலிருந்து தப்பி வந்தவருக்கு இது பொறுக்குமா? மிச்சிகன் செல்லும் எண்ணத்தைக் கைவிட்டு, பெர்க்கெலியிலேயே தங்கிவிட்டார். லாரன்ஸ், எமிலியோ செக்ரே ஆகிய இருவரின் வழிகாட்டலில் ஆராய்ந்து, 1940இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வுக்கூடங்களைச் சுற்றிக் காட்டிய லூக் யுவானையே 1942இல் மணந்தார். போரின் காரணமாக இருவரின் பெற்றோரும் அத்திருமணத்திற்கு வர இயலவில்லை.

பட்டம் பெற்ற பின்னரும், ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் நிலையான ஆசிரியப் பதவி எளிதில் கிட்டவில்லை. பெண் என்பதும் ஆசியர் என்பதும் அக்காலத்திலே இரட்டைப் பூட்டுகள். முதலில் ஸ்மித் கல்லூரி என்னும் பெண்கள் கல்லூரியில் கற்பித்தார். 1943இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் கற்பிக்க அமர்ந்தார். அந்தத் துறையில் ஆசிரியராக அமர்ந்த முதற் பெண்மணி அவரே. அப்போது அப்பல்கலைக்கழகம் பெண்களை மாணவியராகக்கூடச் சேர்த்துக் கொள்ளவில்லை என்பது நினைவில் வைக்கத்தக்கது. 1944இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், போர்க்கால அணு ஆராய்ச்சிப் பணிக்கு அழைக்கப்பட்டார்.

அவ்வாண்டு ஒரு சிக்கல் எழுந்தது. ஹான்ஃபோர்டு என்னுமிடத்தில் புதிதாக இயக்கப்பட்ட பெரிய அணு உலை, சில மணி நேரம் ஓடியபின் தானாகவே தணிந்து நின்றுவிட்டது. பின்னர்த் தானாகவே உயிர்பெற்று மீண்டும் நின்றது. யுரேனியம் பிளவுபடும்போது உண்டாகும் செனான் என்ற வாயுவின் ஒரு வகை, உலையை இயக்கும் நியூட்ரான்களை விழுங்கிவிடுகிறதோ என்ற ஐயம் தோன்றிற்று. பெர்க்கெலியில் வூ தம் டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ந்த பொருள்களுள் அந்தச் செனானும் ஒன்று. செக்ரேக்கு அது நினைவிருந்தது. அச்சேறாதிருந்த வூவின் ஆய்வுக் கட்டுரை தேடிப் பெறப்பட்டது. ஐயம் உறுதியாயிற்று. அந்த ஆராய்ச்சி அணுகுண்டிற்குப் பயன்பட்டது என்பதையும், அக்குண்டு விளைத்த பேரழிவையும் நாம் மறக்கலாகாது. எவருக்கும் பயன்படாது என்று தோன்றும் ஆய்வும் ஒரு நாள் நன்மைக்கோ தீமைக்கோ கருவியாகலாம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

போர் முடிந்தபின் வூ அம்மையார் பீட்டாச் சிதைவு என்னும் துறையைத் தமக்குரியதாக்கிக் கொண்டார். பீட்டாச் சிதைவு என்பது யாது? சில அணுக்களின் கரு நிலையற்றது. அதனுள்ளிருக்கும் நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறும். மாறும்போது ஓர் எலெக்ட்ரானும், நியூட்ரினோ இனத்தைச் சேர்ந்த மிக நுண்ணிய துகள் ஒன்றும் வெளியே பாயும். இவ்வாறு பாயும் எலெக்ட்ரான்களுள் எத்தனை வேகமாகச் செல்லும், எத்தனை மெதுவாகச் செல்லும் என்று இத்தாலிய அறிஞர் என்ரிகோ ஃபெர்மி 1934இல் ஒரு கணக்கு வகுத்தார். ஆனால் சோதனை செய்து பார்த்தவர்களுக்கு, ஃபெர்மி கூறியதைவிட மெதுவான எலெக்ட்ரான்கள் மிகுதியாகக் கிடைத்தன. ஃபெர்மியின் கணக்குப் பிழையோ என்ற ஐயம் பரவிற்று.

வூ அம்மையார் பிழை கணக்கிலன்று, சோதனைப் பொருளிலே இருக்கலாம் என்று கருதினார். தேர்த்திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவன் வெளியேற நினைத்தால், உடனே விரைந்து வெளியேறுவான். நடுவில் அகப்பட்டவனோ ஒவ்வொருவரையும் இடித்து விலக்கி, களைத்துத் தளர்ந்தே வெளிவருவான். அதுபோலவே, கதிரியக்கப் பொருளைத் தடிப்பாகவும் மேடு பள்ளமாகவும் பூசி வைத்தால், உள்ளிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் வழியிலேயே வேகத்தை இழந்துவிடும். மெலிந்ததும் சீரானதுமான பூச்சு ஒன்று வேண்டும். அம்மையார் கதிரியக்கமுள்ள செம்பின் உப்புக் கரைசலில், அழுக்கு நீக்கப் பயன்படும் சவர்க்காரச் சரக்குச் சிறிது சேர்த்தார். கரைசல் துளித்துளியாகத் திரண்டு காயாமல், ஒரே சீராகப் பரந்து காய்ந்தது. அந்த மெல்லிய பூச்சிலிருந்து வந்த எலெக்ட்ரான்கள் ஃபெர்மி கூறியபடியே அமைந்தன. 1949இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, பீட்டாச் சிதைவைப் பற்றி ஐயமெழுந்தால் வூவிடம் கேள் என்பது பௌதிகர்களிடையே வழக்கமாயிற்று.

இனி, அவர் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்திய சோதனைக்கு வருவோம். அதனை விளங்கிக்கொள்ள ஒரு சங்கினைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடலில் அகப்படும் சங்குகள் பெரும்பாலும் இடம்புரி. மிக அரிதாகவே வலம்புரி கிடைக்கும். இடம்புரிச் சங்கு ஒன்றை நிலைக்கண்ணாடிக்கு எதிரே பிடித்தால், கண்ணாடிக்குள் தெரிவது வலம்புரி. வலம்புரி அரியதாயினும், இயற்கையின் விதிக்கு முரண்பட்டதன்று. கண்ணாடிக்குள் கண்டது கண்ணாடிக்கு வெளியேயும் இருக்கக்கூடும் என்பதற்கு அதுவே சாட்சி. இதனையே பௌதிகர் பொது விதியாக்கினர். எந்த இயற்கை நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டாலும், அது கண்ணாடியில் எவ்வாறு தோன்றுகிறதோ அவ்வாறே நிகழும் நிகழ்ச்சியும் இயற்கையில் சாத்தியமே என்றனர். வீழும் கல்லுக்கும், சுழலும் கிரகத்திற்கும், மின்சாரத்திற்கும் இவ்விதி பொருந்திற்று. ஆகவே யாவற்றிற்கும் பொருந்தும் என்று முடிவு கட்டினர். பல இடங்களில் மெய்யாயிருப்பதனால் எல்லா இடங்களிலும் மெய்யாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டுவது, அறிஞரையும் விட்டு வைக்காத ஒரு மயக்கம்.

1950க்குப் பின்னர், புதிதாகக் கண்டறியப்பட்ட துகள்களிலே ஒரு புதிர் தோன்றிற்று. எடையும் ஆயுளும் ஒன்றாகவே உள்ள இரு துகள்கள் இருந்தன. ஒன்று இரு துண்டுகளாகவும், மற்றொன்று மூன்று துண்டுகளாகவும் சிதைந்தன. இரண்டும் ஒரே துகள்தான் என்றால் கண்ணாடி விதி குலையும். விதியைக் காக்கவேண்டுமாயின், அவை வெவ்வேறு துகள்கள் என்று சாதிக்க வேண்டும். கொலம்பியாவில் பணியாற்றிய சுங் தாவோ லீ, பிரின்ஸ்டன் உயராராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சென் நிங் யாங் என்ற இரு சீன இளைஞர்கள் 1956ஆம் ஆண்டு துணிவுடன் வேறொரு வினாவை எழுப்பினர். பீட்டாச் சிதைவு போன்ற மெல்விசை நிகழ்ச்சிகளில் இக்கண்ணாடி விதி மெய்தானா என்று எவரேனும் சோதித்ததுண்டா என்று கேட்டனர். ஏடுகளையெல்லாம் புரட்டிப் பார்த்தால், அவ்விதிக்கு அங்கே சான்று ஒன்றுமில்லை! லீ தம் பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றிய வூ அம்மையாரை நாடிக் கலந்தாலோசித்தார். கோபால்ட் 60 என்னும் கதிரியக்க உலோகத்தை மிகக் கடுங்குளிரில் வைத்துச் சோதிப்பதே சிறந்த வழி என்று அம்மையார் கூறினார்.

அந்த ஆண்டு அம்மையாரும் கணவரும் தாய்நாட்டை விட்டு வந்து இருபது ஆண்டுகள் நிறைவுற்றன. ஐரோப்பாவிற்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் சென்று வர இருவரும் ஏற்பாடு செய்து, கப்பலில் இடமும் பதிவு செய்திருந்தனர். மற்றவர்கள் இச்சோதனையின் முக்கியத்துவத்தை உணர்ந்து முந்திக்கொள்வதற்குள் தாம் தொடங்கிவிட வேண்டும் என்று அம்மையார் துடித்தார். கணவரைத் தனியே கப்பலேற்றி அனுப்பிவிட்டு, ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பினார். பேரறிஞர் வோல்ஃப்காங் பவுலியோ இச்சோதனையினால் புதிய விளைவு ஏதும் தோன்றாது என்று உறுதியாக நம்பினார். ரிச்சர்டு ஃபைன்மன் தம் நண்பர் ஒருவருடன் ஐம்பது டாலர் பந்தயமே கட்டினார். பின்னர் அப்பந்தயத்தில் தோற்றார் என்பது வேறு கதை.

சோதனையின் அமைப்பைப் பாருங்கள். அணுக்கருக்கள் சிறு பம்பரங்களைப் போலச் சுழல்பவை. சாதாரண வெப்பத்தில் அவை கண்டபடி சாய்ந்து, ஆளுக்கொரு திசை நோக்கிச் சுழலும். அவற்றையெல்லாம் ஒரே திசையில் நிமிர்த்தி நிறுத்தக் காந்தவிசை வேண்டும். வெப்பத்தின் குலுக்கல் அவற்றை மீண்டும் கலைத்துவிடாதிருக்கக் கடுங்குளிரும் வேண்டும். எவ்வளவு குளிர்? வெப்பம் என்பதே அற்றுப்போகும் தனிச்சுழி நிலைக்கு மேலே, ஒரு டிகிரியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு! அத்தகைய குளிரை உண்டாக்கும் வசதி வாஷிங்டனிலிருந்த தேசிய அளவைத் தரநிலையத்தில் இருந்தது. அங்கே பணியாற்றிய எர்னெஸ்ட் ஆம்ப்ளர் என்னும் அறிஞரும், ஹேவர்டு, ஹாப்ஸ், ஹட்ஸன் ஆகிய மூவரும் துணை நின்றனர். வகுப்புகளை விட்டுவிட இயலாமையால், அம்மையார் நியூயார்க்கிற்கும் வாஷிங்டனுக்குமாக மாறி மாறிப் பயணம் செய்தார்.

இப்போது விதி எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதை நிதானமாகக் காண்போம். மேலிருந்து நோக்கும்போது இடஞ்சுழியாகச் சுழலும் பம்பரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினால், கண்ணாடிப் பம்பரம் வலஞ்சுழியாகச் சுழலும். ஆனால் மேல் மேலாகவும் கீழ் கீழாகவுமே தோன்றும். மெய்யான பம்பரத்திலிருந்து எலெக்ட்ரான்கள் மேலும் கீழும் சம எண்ணிக்கையில் பாய்ந்தால், கண்ணாடி விதிக்கு ஆபத்து இல்லை. ஆனால் இடஞ்சுழிப் பம்பரத்திலிருந்து கீழ்நோக்கி மிகுதியாகப் பாய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்குள்ளே, வலஞ்சுழிப் பம்பரத்திலிருந்து கீழ்நோக்கி மிகுதியாகப் பாய்வதாகத் தெரியும். இனிக் காந்தத்தைத் திருப்பி, உண்மையாகவே ஒரு வலஞ்சுழிப் பம்பரத்தை உண்டாக்குவோம். கண்ணாடி விதி மெய்யானால், அதிலிருந்தும் எலெக்ட்ரான்கள் கீழ்நோக்கியே மிகுதியாகப் பாயவேண்டும். மேல்நோக்கிப் பாய்ந்தால் விதி பொய்.

1956 டிசம்பர் இறுதியில் அந்தக் காட்சி கிடைத்தது. காந்தத்தின் திசையை ஒருபுறம் வைத்தபோது, மேலேயிருந்த எண்ணும் கருவியில் எலெக்ட்ரான்கள் குறைந்தன. திசையைத் திருப்பியபோது மிகுந்தன. குளிர் தணிந்து, பம்பரங்கள் மீண்டும் கலைந்தவுடன், வேற்றுமை மறைந்துவிட்டது. இந்த இறுதிச் செய்தி முக்கியமானது. கருவியின் கோளாறாயிருந்தால், குளிர் தணிந்த பின்னும் வேற்றுமை நீடித்திருக்கும். அம்மையாரோ விளைவைக் கண்டவுடன் ஆர்ப்பரிக்கவில்லை. பிழைக்கு இடமளிக்கும் ஒவ்வொரு காரணத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நீக்கி, மீண்டும் மீண்டும் சோதித்தார். 1957 ஜனவரி 9ஆம் நாள் அதிகாலை இரண்டு மணியளவில், அந்த ஐவரும் தங்கள் முடிவில் ஐயமில்லை என்று உறுதி கொண்டனர். கொலம்பியாவைச் சேர்ந்த வேறு மூன்று அறிஞர்கள் இச்செய்தி கேட்டு, மியூவான் என்னும் துகளைக் கொண்டு சில நாட்களிலேயே அதே முடிவை எய்தினர். ஜனவரி 15ஆம் நாள் செய்தி உலகிற்கு அறிவிக்கப்பட்டது. பவுலியும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இயற்கை தன் மெல்விசையில் இடக்கைப் பழக்கமுள்ளது என்பது அன்று முதல் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இதனால் விளைந்த பயன் யாது என்று ஒரு வினா எழலாம். ஒரு விதி வீழ்ந்த இடத்தில் மெய்யான விதியைக் கட்ட இடம் கிடைத்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற இ. சி. ஜி. சுதர்சன், அமெரிக்காவில் தம் ஆசிரியர் ராபர்ட் மார்ஷக்குடன் சேர்ந்து, 1957ஆம் ஆண்டிலேயே மெல்விசையின் பொது வடிவத்தை வகுத்தார். ஃபைன்மனும் மரே கெல்மனும் அதே முடிவைத் தம் வழியிலே எய்தி, 1958இல் வெளியிட்டனர். அவர்கள் கூறிய கருத்துகளுள் முக்கியமான ஒன்றை 1963ஆம் ஆண்டு சோதனையால் நிலைநாட்டியவரும் வூ அம்மையாரே. இன்று துகள்களின் இயல்பை விளக்கும் கோட்பாடு இவ்வடித்தளத்தின் மீதே நிற்கிறது.

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். 1957ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசு லீக்கும் யாங்கிற்கும் அளிக்கப்பட்டது. வினா எழுந்த மறு ஆண்டிலேயே பரிசும் கிடைத்துவிட்டது. வினாவுக்கு விடை தந்த வூ அம்மையாருக்குப் பரிசில் பங்கில்லை. இது நியாயமா? இரு பக்கத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பதே முறை. வினா எழுப்பியவர்களின் துணிவு பெரிது என்பதில் ஐயமில்லை. அம்மையார் தனித்துச் சோதனை செய்யவில்லை. கட்டுரையில் ஐவர் பெயர்கள் இருந்தன. மற்ற நால்வர் இல்லையேல் சோதனை நடந்திராது என்பதும் மெய். ஓராண்டுப் பரிசை மூவருக்கு மேல் பகிர்வதில்லை என்பது அப்பரிசின் வழக்கம். ஆனால் அவ்வாண்டு பரிசு பெற்றவர் இருவரே. மூன்றாவது இருக்கை காலியாகவே இருந்தது. கோபால்ட் தகுந்தது என்று தேர்ந்தவர் யார்? குளிர்முறை தகுந்தது என்று கண்டவர் யார்? மற்றவர் பயனற்றது என்று கருதிய வேளையில், பயணத்தைத் துறந்து தொடங்கியவர் யார்? இவ்வினாக்களுக்கு ஒரே விடைதான் உண்டு. பின்னரும் பலமுறை அவர் பெயர் முன்மொழியப்பட்டும், அப்பரிசு அவருக்குக் கிட்டவில்லை. மனத்தில் உதித்த எண்ணத்திற்கு ஒரு மதிப்பும், கையால் செய்து மெய்ப்பித்த பணிக்கு அதனினும் குறைந்த மதிப்பும் தருவது கல்வியுலகின் நெடுநாளைய குறை. அந்தக் கை பெண்ணின் கையாயிருந்தால், குறை இன்னும் பெரிதாகிவிடுகிறது.

ஆயினும் வேறு சிறப்புகள் வந்து சேர்ந்தன. 1958இல் கொலம்பியாவில் முழுநிலைப் பேராசிரியரானார். அதே ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அப்பல்கலைக்கழகத்தின் கௌரவ விஞ்ஞானப் பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1975இல் அமெரிக்கப் பௌதிகக் கழகத்தின் தலைவராக வீற்றிருந்தார். அப்பதவியிலும் அவரே முதற் பெண்மணி. அந்நாட்டின் தேசிய விஞ்ஞானப் பதக்கமும் பெற்றார். 1978இல் இஸ்ரேல் நாட்டின் உல்ஃப் பரிசு முதன்முதலாகப் பௌதிகத்திற்கு வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்றவர் வூ அம்மையாரே. இத்தனை புகழுக்கிடையே ஒரு செய்தி மனத்தை உறுத்துகிறது. கொலம்பியாவில் அவருடைய ஊதியம் ஆண் பேராசிரியர்களின் ஊதியத்திற்குச் சமமாக்கப்பட்டது 1975ஆம் ஆண்டில்தான்! உலகறிந்த சோதனை முடிந்து பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின் அது நடந்தது. 1964இல் நடந்த ஒரு மாநாட்டிலே அவர் பேசும்போது, அணுவும் அணுக்கருவும் கணிதக் குறியீடுகளும் தம்மை ஆராய்பவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதுண்டோ என்னும் கருத்துப்படக் கேட்டார். சினமின்றிக் கேட்ட அவ்வினாவுக்கு எதிர்வாதம் செய்ய எவராலும் இயலாது.

1973ஆம் ஆண்டு, முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர், வூ அம்மையார் தாய்நாட்டின் மண்ணை மிதித்தார். பெற்றோர் மறைந்துவிட்டனர். கலாசாரப் புரட்சியின்போது அவர்களுடைய கல்லறைகளும் அழிக்கப்பட்டிருந்தன. பிரதமர் சௌ என்லாய் அவரை வரவேற்று, அதற்காக வருத்தம் தெரிவித்தார் என்பர். தலைமையமைச்சரின் வருத்தம் கல்லறையைத் திருப்பித் தந்துவிடாது. ஆனால் தந்தையார் எழுப்பிய நினைவுச்சின்னம் ஒன்று கல்லறையினும் உறுதியாக நின்றது. அதுவே அந்தப் பள்ளிக்கூடம். அம்மையார் பின்னர் அப்பள்ளியின் வளர்ச்சிக்குத் தாராளமாக உதவினார். 1981இல் ஓய்வு பெற்ற அவர், 1997ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் நியூயார்க்கில் தம் 84ஆம் வயதில் காலமானார். அவருடைய அஸ்தி அவர் விருப்பப்படி மிங்தே பள்ளியின் முற்றத்திலே அடக்கம் செய்யப்பட்டது. 2021இல் அமெரிக்க அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது.

நேயர்களே! இவ்வரலாற்றைக் கேட்ட பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. தம் ஊரிலே பெண்களுக்கு ஒரு பள்ளி திறந்த அந்தத் தந்தை, தம் மகள் இயற்கையின் ஒரு பெரும் விதியைத் திருத்துவாள் என்று எண்ணித் திறக்கவில்லை. எந்த வீட்டுப் பெண்ணும் எழுத்தறிவு பெறவேண்டும் என்றே திறந்தார். அந்தப் பள்ளியில் பயின்ற பிற சிறுமியரின் பெயர்களை நாம் அறியோம். அவர்களும் அறிவு பெற்றனர், தம் மக்களுக்கு அறிவூட்டினர் என்பதே அப்பள்ளியின் முதற் பயன். ஒரு வூ தோன்றியது இரண்டாம் பயன். எந்தச் சிறுமியிடம் எந்த ஆற்றல் ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டி அளந்தறியும் கருவி இன்றுவரை எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்யப்படவில்லை. ஆகையால், எல்லாச் சிறுமியருக்கும் பள்ளிக் கதவைத் திறந்து வைப்பது ஒன்றே வழி. பக்கவாயிலையன்று, முன்வாயிலையே திறந்து வைக்கவேண்டும்.